‘இஸ்’ போட வேண்டிய நோய்

சின்னக்கானல் லயத்திலிருந்து இறங்கி முதல் வளைவைத் தாண்டியிருந்தேன். தேயிலைக் காட்டின் மேல் பனி அசையாமல் உட்கார்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் தொழிலாளர் வீடுகளின் தகரக் கூரைகூடத் தெரியவில்லை. தோளில் ஒரு துணி மூட்டை, அதன் மேல் மடித்துப் போட்ட கம்பளி. காலில் செருப்பில்லை. செருப்பு நான் தங்கியிருந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது. அதைக் கேட்டு வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் பாலக்காட்டின் கிழக்கே, சித்தூர் பக்கத்துக்காரன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்க் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். சின்னக்கானலில் தேயிலை மூட்டை ஏற்றும் வேலை. என்னோடு மூட்டை தூக்கியவர் ஒருவர், லயத்தில் இருந்த தன் ஒற்றை அறை வீட்டில் அடுப்போரம் எனக்கு இடம் கொடுத்திருந்தார். அவருக்கு மனைவி, சின்னப் பெண் குழந்தை ஒன்று. குழந்தைக்குச் சில நாளாகச் சளியும் காய்ச்சலும். கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. முந்தின சாயங்காலம் காதின் பின்னால் மணலை அள்ளி ஒட்டியதுபோலச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

காலையில் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. அந்தக் குளிரில் வேம்பு வளராது. கீழே போடிக்குப் போகிறவர்கள் கொண்டுவந்து காயவைத்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆகவே அது பச்சையாக இல்லை, சருகாக இருந்தது. சருகானாலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: வீட்டில் அம்மை.

“தம்பி, அங்கனயே நில்லுங்க! உள்ள வராதீங்க!” கதவுக்குப் பின்னாலிருந்து அந்த வீட்டு அக்காவின் குரல் வந்தது.

“ஏனுங்க்கா?”

“அம்மா வந்துருக்கா, தம்பி.”

பக்கத்து வீட்டுக்காரி புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். “என்னவே முழிக்கீரு? உள்ள போனா, புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வெளிய வரப்படாது. வெளிய நின்னா உள்ள போகப்படாது. எதுன்னு இப்பமே சொல்லிரும். கொடத்தத் தூக்கிக்கிட்டு, சீர் கொண்டாந்த சம்பந்தி மாதிரி நிக்கீரே!”

குடத்தை வாசலில் இறக்கி வைத்தேன். அதுவே பதில் என்று எல்லாருக்கும் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் என் மூட்டையும் கம்பளியும் ஜன்னல் வழியாக ஒரு கம்பின் நுனியில் தொங்கிக்கொண்டு வெளியே வந்தன.

“டிஸ்பென்சரில மூச்சு விட்ராதீரும்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதை அவள் சொல்ல வேண்டியதில்லை. கம்பவுண்டருக்குத் தெரிந்தால் குழந்தையை எஸ்டேட் கோடியில் இருந்த ஒதுக்குக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். வீட்டில் தங்கியிருந்தவன் என்று என்னையும் சேர்த்துக் கொண்டுபோவார்கள். அந்தக் கொட்டகைக்குள் போனவர்களில் சிலர் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சிலர் திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை.

அதனால்தான் நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. என்னிடம் இருந்தது ஒரே கேள்வி: அது எனக்கும் தொற்றியிருக்கிறதா, இல்லையா? குழந்தை என் மடியில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்து தோசையைப் பிய்த்துத் தின்னும். சளியைத் துடைக்க என் வேட்டி நுனிதான் அதற்குக் கைக்குட்டை. அது என்ன அம்மை என்றுகூட எனக்குத் தெரியாது. சித்தூர் பஸ் நிறுத்தத்தில் இரண்டு கண்ணும் போன ஒருவர் தீப்பெட்டி விற்பார். முகமெல்லாம் குழி. வைசூரி தின்ற முகம் என்பார்கள். நடக்க நடக்க அந்த முகம் எனக்கு முன்னால் நடந்தது. சின்ன வயதில் அம்மை குத்த ஆள் வந்தபோதெல்லாம் கரும்புக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவன் நான். என் கையில் தழும்பு கிடையாது.

பயம் வந்தால் சிலர் சாமி பேர் சொல்வார்கள். எனக்கு வாயில் வந்தது ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ். எங்கள் சார் ஒரு பட்டியலைப் பிரம்பால் மேசையில் தாளம் தட்டி மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். வார்த்தையின் கடைசியில் எஸ் இருக்கும், பன்மை போலத் தெரியும், ஆனால் ஒருமை. ‘ஆர்’ போடக் கூடாது, ‘இஸ்’ போட வேண்டும்.

“நியூஸ்?”

“இஸ்!”

“மேத்தமேட்டிக்ஸ்?”

“இஸ்!”

“பில்லியர்ட்ஸ்?”

“இஸ்!”

“மீசில்ஸ்? மம்ப்ஸ்?”

“இஸ்! இஸ்!”

“வாலப் பாத்து ஏமாறாதீங்கடா,” என்பார். ஏமாந்து ‘ஆர்’ போட்டவன் உள்ளங்கையை நீட்ட வேண்டும். ஒரு நாள் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் எழுந்து, “மம்ப்ஸுன்னா என்னங்க சார்?” என்று கேட்டான். “அது வந்தா உனக்கே தெரியும். இப்ப இஸ் போடு,” என்றார் சார். மறுநாளே அவர் கத்திரிக்கோலுக்கு வந்தார். கையில் இருப்பது ஒரே கத்திரிக்கோல், அதற்கு மட்டும் ‘ஆர்’ போட வேண்டுமாம். பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அன்றைக்குப் போனது.

அந்தப் பட்டியலில் எனக்கு ஊரிலேயே தெரிந்தவை கணக்கும் செய்தியும்தான். பில்லியர்ட்ஸ் என்றால் என்னவென்று சின்னக்கானலுக்கு வந்த பிறகு தெரிந்தது. எஸ்டேட் கிளப் ஜன்னல் வழியாக, பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றி இரண்டு பேர் கம்பு வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். இவ்வளவு பந்து உருளும் விளையாட்டை ஒருமை என்று சொல்ல வெள்ளைக்காரனால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற வார்த்தைகள் வெறும் சத்தம். நியூஸ் இஸ், மீசில்ஸ் இஸ், மம்ப்ஸ் இஸ் என்று அடிக்கு ஓர் ‘இஸ்’ வைத்து நடந்தேன். எதற்குப் பயந்து ஓடுகிறேனோ அதன் பேரையே சொல்லிக்கொண்டு ஓடுகிறேன் என்பது எனக்குத் தெரியாது.

வெயில் ஏறியதும் கம்பளி கனத்தது. இரண்டு வாரமாகக் குழந்தை அந்தக் கம்பளியில்தான் தூங்கியது. அதன் வாசனை அதில் இருந்தது. யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே ஒரு பாறைக்கடியில் அதைச் சுருட்டி வைத்துவிட்டு வேகமாக நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் தலையில் விறகுக் கட்டுடன் இரண்டு பெண்கள் எதிரே வந்தார்கள். அவர்கள் போகும் பாதை அந்தப் பாறையை ஒட்டித்தான் போகிறது. அந்தக் குளிரில் கிழியாத கம்பளியைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா போக மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளுக்குத்தான் போர்த்துவார்கள். திரும்பி ஓடினேன். அவர்களை முந்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து ஒருத்தி, “பாவம், அடக்க முடியல போலிருக்கு,” என்றாள். மற்றவள் சிரித்ததில் விறகுக் கட்டு சாய்ந்தது.

கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். பீடி கொளுத்தும் தீப்பெட்டி இருந்தது, ஆனால் பனியில் நனைந்த கம்பளி பற்றவில்லை. ஓடையில் ஓர் ஆழமான இடத்தில் அமுக்கி மேலே கல்லைத் தூக்கி வைத்தேன். அதன் பிறகுதான் ஓடையின் கீழ்ப்பக்கம் யார் குடிப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. அதற்கு மேல் யோசிக்க முடியாமல் ஏறி வந்துவிட்டேன்.

பூப்பாறையில் குமுளிக்குப் போகிற ஜீப் நின்றது. ஏலக்காய் மூட்டைகளின் மேலும் இடையிலும் ஆட்களைத் திணித்திருந்தார்கள். என்னை ஒரு மூட்டைக்கும் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கும் நடுவில் செருகினார்கள். மூச்சை வெளியே விடாமல் இருக்கப் பார்த்தேன். அப்போதுதான் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மூட்டைப் பக்கம் திரும்பினேன். கண் எரிந்தது. லயத்துக் குழந்தைக்கும் இப்படித்தான் கண் சிவந்தது.

அடுத்த திருப்பத்தில் அந்தப் பெண் முந்தானையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நெரிசலான வண்டியில் பிள்ளையைப் பக்கத்தில் இருக்கிறவர் மடியில் வைப்பதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. “அண்ணே, செத்த புடிங்க,” என்று சொல்லும்போதே குழந்தை என் மடியில் இருந்தது. அது என் மூக்கைப் பிடித்து இழுத்தது. என் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். குழந்தை சரியத் தொடங்கியது.

“என்னண்ணே, புள்ளைய புடிக்க மாட்டீகளா? தீட்டா ஒட்டிரும்?”

“அதில்லீங்க்கா. கொமட்டுதுங்க. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.”

“யோவ் டிரைவரு, நிறுத்துய்யா! அண்ணன் வாந்தி எடுக்கப் போறாரு, எம்மேல எடுத்துருவாரு!”

டிரைவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். “கோயமுத்தூரு பக்கத்து ஆளா? பேச்சிலயே தெரியுது. இந்த ஆளுங்களுக்கு வளைவு ஒத்துக்காது. பின்னால தொத்திக்க. வாந்தி எடுத்தா ரோட்டுல எடு.”

மீதி வழியெல்லாம் ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். காற்றும் புழுதியும் முகத்தில் அடித்தன. குழந்தை தாயின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தது. எத்தனை நேரம் என் மடியில் இருந்தது, மூக்கைத் தொட்ட விரலை வாயில் வைத்ததா என்று யோசித்து யோசித்துக் குமுளி வந்து சேர்ந்தது தெரியவில்லை.

குமுளியில் அப்போது கடை என்றால் பாதி ஏலக்காய்க் கடைதான். வேலை கேட்பவன் ஸ்டோர் ஸ்டோராக ஏறி இறங்க வேண்டும். ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயைப் புகைச் சூட்டில் உலர்த்தித் தரம் பிரிக்கிற இடம். உலர்த்துகிற வேலை ஆளோடு ஆள் ஒட்டாத வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைசித் தெருவில் இருந்த ஒரு ஸ்டோரின் கேட்டில் கை வைத்தேன்.

“நில்லு, நில்லு! கேட்டத் தொடாத!”

உள்ளே இருந்து தலையில் துண்டு கட்டிய ஒருவர் வந்தார். ஸ்டோருக்குச் சொந்தக்காரர். பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய ராவுத்தர்.

“வேலை இருக்குதுங்களா?”

“அட, நம்ம ஊருப் பேச்சு! எந்தப் பக்கம்?”

“சித்தூருப் பக்கமுங்க.”

“சந்தோசம். அங்கயே நின்னு சந்தோசப்படு, கிட்ட வராத. கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்குது?”

“ஜீப்புல தொத்திட்டு வந்தனுங்க. புழுதிங்க.”

“எல்லாரும் மொதல்ல புழுதின்னுதான் சொன்னாங்க. இப்ப உள்ள நாலஞ்சு பேரு படுத்திருக்கானுங்க.” திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார். “சிஸ்டர், போறதுக்கு முன்னால இந்த ஆளயும் ஒருக்காப் பாருங்க.”

பின்புறம் இருந்த ஷெட்டிலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரி மலையாள நர்ஸ். ஓடிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு மேல் ஓட எனக்குக் காலில் சத்து இல்லை, போக ஊரும் இல்லை. கேட்டுக்கு வெளியே குத்துக்கல்லில் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். எஸ்டேட் பேரை மட்டும் சொல்லவில்லை.

“குட்டிக்கு எங்கனே, எப்படி வந்து? வெள்ளம், தண்ணி நெறஞ்ச கொப்புளமா, மணல் மாதிரியா?” என்று கேட்டார் நர்ஸ்.

“மணல் மாதிரிங்க.”

“ஆத்யம் எவிட? முதல்ல எங்க வந்து?”

“காதுக்குப் பின்னாலதானுங்க பாத்தேன். அதுக்கு முன்னால கண்ணு செவந்துதுங்க.”

“அது வைசூரி அல்ல. அஞ்சாம்பனி, தமிழிலே தட்டம்மை. மீசில்ஸ். இவிடயும் அது தன்னே. மீசில்ஸ் அறியுமோ?”

அந்த வார்த்தையைக் கேட்டதும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். “தெரியுங்க. எஸ் இருந்தாலும் ஒருமைதானுங்க. இஸ் போடணுமுங்க.”

நர்ஸ் ராவுத்தர் பக்கம் திரும்பினார். “இயாளுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறியோ?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். ராவுத்தருக்குச் சிரிப்பு வரவில்லை. “படிச்ச ஆளா நீ? மூட்டை தூக்கறன்னு சொன்ன?” என்றார் சந்தேகத்தோடு.

“படிப்பு போட்டும். நிங்களுக்குச் சின்னதிலே மீசில்ஸ் வந்திட்டுண்டோ? ஒரு தவண வந்தா பின்னே வராது,” என்றார் நர்ஸ்.

எங்கள் வீட்டில் எந்த அம்மைக்கும் தனிப் பேர் கிடையாது. பேர் சொன்னால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பயம். மணலாக வந்தாலும் நீர் கோத்து வந்தாலும் “ஆத்தா வெளையாடறா” என்பதுதான். வெளியூருக்கு எழுதும்போதுகூட “ஊட்டுல விருந்தாளி” என்றுதான் சொல்வார்கள். இங்கிலீஷில் பலவாகத் தெரிந்தது ஒன்றாக இருந்தது. எங்கள் ஊரில் ஒன்றாகத் தெரிந்தது பலவாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் உடம்புக்கு என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

“ஆத்தா ஒருக்கா வந்திருக்குதுங்க. எந்த ஆத்தான்னு தெரியலீங்க.”

நர்ஸ் விடவில்லை. அப்போது வெளிச்சம் கண்ணைக் குத்தியதா என்று கேட்டார். குத்தியது, அம்மா ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டிருந்தாள். இருமல் இருந்ததா? இருந்திருக்கும். சரியாக ஞாபகமில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும் நெற்றியையும் பார்த்தார். எங்கும் குழி இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தார். தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்துவிட்டு, “இவிட எப்போழெங்கிலும் வீங்கியிட்டுண்டோ?” என்றார்.

வீங்கியிருக்கிறது. அது நன்றாக ஞாபகம் இருந்தது. பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, தோட்டக்காரர் வீட்டிலிருந்து ஒரு பொன் சங்கிலியை இரவல் வாங்கி என் கழுத்தில் போட்டு, அது தொலைந்துவிடாமல் இருக்க அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அதாணு மம்ப்ஸ்,” என்றார் நர்ஸ்.

வந்தால் உனக்கே தெரியும் என்று சார் சொன்னது தப்பு. வந்து போயும் எனக்குத் தெரியவில்லை.

“கண்ணு குத்தி, குழியும் இல்ல. அப்போ மீசில்ஸும் வந்திட்டுண்டு. மிக்கவாறும் அது தன்னே,” என்று நர்ஸ் பையை மூடினார். கை காட்டச் சொல்லி, தழும்பு இல்லாததைப் பார்த்துத் திட்டிவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மை குத்திக்கொள்ளச் சொன்னார்.

‘மிக்கவாறும்’ என்றால் பெரும்பாலும் என்று அர்த்தம். முழுதாக வந்திருக்கிறது என்றோ வரவில்லை என்றோ சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் முதுகில் குழி இல்லை, என் அம்மா சாக்கு தொங்கவிட்டாள், அவ்வளவை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். என் ஞாபகம் தப்பென்றால் அவர் கணக்கும் தப்பு.

ராவுத்தர் கேட்டைத் திறந்தார். “உள்ள கெடக்கறவனுங்களுக்குத் தண்ணி குடுக்க ஆளில்ல, தம்பி. வேலைக்காரனுங்க பாதிப் பேரு ஓடிட்டானுங்க. எங்க ஊட்டுக்காரி கஞ்சிய ஷெட்டு வாசல்ல வெச்சுட்டு, கோழி தொரத்துன மாதிரி ஓடியாறா. உனக்கு வந்து போயிருச்சுன்னு சிஸ்டரே சொல்லிருச்சு.”

“மிக்கவாறும்னுதானுங்க சொன்னாங்க.”

“எங்களுக்கு அதுகூட இல்லியேப்பா. ராத்திரி படுத்து யோசி. காலைல சொல்லு.”

அன்றிரவு கேட்டோரம் சாக்கு விரித்துப் படுத்தேன். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் கையும் நெற்றியும் ஒரே சூடாகி, காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஷெட்டிலிருந்து இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவே ஒருவன் தண்ணீர் கேட்டான். யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்பதை நிறுத்திவிட்டான். அவன் நிறுத்தியது, கேட்டதைவிட எனக்குப் பயமாக இருந்தது.

விடிந்ததும் ராவுத்தரிடம் போய் வேலைக்குச் சம்மதம் சொன்னேன். கூலி பேசவில்லை. ஒரு தூக்குப் போசியில் கஞ்சியும் ஒரு குடத்தில் காய்ச்சி ஆறிய தண்ணீரும் தயாராக இருந்தன. நான் சம்மதிப்பேன் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. “துணியெல்லாம் வெந்நீர்ல ஊறப் போடு. எவனாவது மூச்சு வாங்குனா என்னயக் கூப்புடு, சிஸ்டருக்கு ஆளனுப்பறேன்,” என்று எட்டி நின்று சொன்னார்.

ஷெட் கதவைத் தள்ளினேன். உள்ளே இருட்டு, புகையும் ஏலக்காயும் வியர்வையும் கலந்த வாசனை. தரையில் சாக்குகள் மேல் ஆட்கள் சுருண்டு கிடந்தார்கள். கதவோரம் கிடந்தவன் வெளிச்சம் தாங்காமல் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். என் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் சிவப்பு மணல்.

“கதவச் சாத்துங்கண்ணே. கண்ணு கூசுது.”

சாத்தினேன். அவன் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். பாதிதான் உள்ளே போனது, மீதி என் கையில் வழிந்தது.

“நீங்க வந்துட்டீகளே, ஒங்களுக்குத் தொத்திராதா?” என்றான்.

“எனக்கு வந்து போயிருச்சு,” என்றேன். ‘மிக்கவாறும்’ என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அடுத்த சாக்கில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊற்ற நகர்ந்தேன்.